கிராக்கோ ஏன் காலியானது? ஒரு தென் இத்தாலிய மலையூரைப் புரிந்துகொள்ள எளிய விளக்கம்

இத்தாலியின் தெற்கில் கிராக்கோ என்று ஓர் ஊர் இருக்கிறது. குன்றின் உச்சியில் ஒரு சதுரக் கோபுரம். அதற்குக் கீழே சரிவு முழுவதும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் கல்வீடுகள். எந்த வீட்டிலும் ஆள் இல்லை. ஒரு முறை படத்தில் பார்த்தால் மனதில் நின்றுவிடும் ஊர் இது. அதனால்தான் இதைப் பற்றி ஏராளமான காணொளிகளும் பதிவுகளும் சுற்றுகின்றன. 'பேய் நகரம்' என்கிறார்கள். 'ஒரே இரவில் மக்கள் மாயமான ஊர்' என்கிறார்கள். கொஞ்சம் பொறுப்பாகப் பேசுபவர்கள்கூட 'நிலநடுக்கத்தில் அழிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

யாரும் மாயமாகவில்லை. ஒரே இரவிலும் எதுவும் நடக்கவில்லை. நிலநடுக்கம் வந்தபோது ஊரில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். கிராக்கோவைக் காலி செய்தது மெதுவாக நகர்ந்த ஒரு நிலச்சரிவு. அந்தச் சரிவுக்குப் பின்னால் மண், மழை, மலேரியா, குழாய்த் தண்ணீர் என்று பல விஷயங்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் பேய்க் கதையைவிடச் சுவையானவை என்பது என் எண்ணம். போலந்தில் கிராக்கோவ் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது, அது வேறு. இங்கே பேசப்போவது ஒரு சின்ன மலையூரைப் பற்றி.

## ஊர் எங்கே, எவ்வளவு பழையது

பசிலிக்காத்தா என்பது இத்தாலியின் தெற்கில், டாரண்டோ வளைகுடாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாநிலம். அதில் மத்தேரா மாவட்டத்தில், கடலோரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் கிராக்கோ இருக்கிறது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில், மரம் இல்லாத, மழை அறுத்துப் போட்ட மண்மேடுகள். இந்த மண்மேடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கியப் பாத்திரம் அவைதான்.

இந்தப் பகுதியில் கிடைத்த கல்லறைகள் கி.மு. 8-ம் நூற்றாண்டு வரை பின்னே போகின்றன. கடலோரத்தில் மெட்டாபோன்டோ என்ற கிரேக்கக் குடியேற்றம் இருந்தது. தானியத்தால் செழித்த ஊர் அது. தன் நாணயத்திலேயே பார்லிக் கதிரைப் பொறித்துக்கொண்டது. அங்கிருந்து கிரேக்கர்கள் உள்நாட்டு மேடுகளை நோக்கியும் நகர்ந்தார்கள்.

ஊரின் பெயர் ஆவணத்தில் தெளிவாகத் தெரிவது 1060-ல். அப்போது இந்த நிலம் திரிக்காரிக்கோ என்ற ஊரின் ஆயர் ஒருவரின் கையில் இருந்தது. அடுத்த நூற்றாண்டுகளில் நார்மன் பிரபுக்கள் வந்தார்கள். இன்றும் உச்சியில் நிற்கும் அந்தக் கோபுரம் அவர்கள் காலத்து ஊரின் அடையாளம். 13-ம் நூற்றாண்டில், பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் காலத்தில், கிராக்கோ ஒரு ராணுவ நிலையாக இருந்தது. கோபுரம் சிறைச்சாலையாகவும் பயன்பட்டது. 1561-ல் ஊரின் மக்கள்தொகை 2,590 என்று கணக்கு இருக்கிறது. மலை உச்சி ஊர் ஒன்றுக்கு அது நெரிசலான கூட்டம்தான். 1630 வாக்கில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் ஒன்று ஊருக்கு வெளியே எழுந்தது. 1656-ல், தென் இத்தாலியை உள்ளடக்கியிருந்த நேப்பிள்ஸ் அரசு முழுவதையும் தாக்கிய கொள்ளைநோய் இங்கேயும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது.

இத்தனைக்குப் பிறகும் ஊர் அதே இடத்தில் நீடித்தது. கிராக்கோ நேற்று முளைத்து இன்று கைவிடப்பட்ட ஊர் இல்லை. குறைந்தது 900 ஆண்டுகள் ஒரே குன்றில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்த இடம்.

## ஏன் மலை உச்சியில் போய்க் கட்டினார்கள்

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் பதில்: எதிரிகளுக்குப் பயந்து. அதில் உண்மை இருக்கிறது. இடைக்காலத்தில் கடல் வழியாக வந்த கொள்ளைக்காரர்கள் தெற்கு இத்தாலியின் கரையோர ஊர்களைத் திரும்பத் திரும்பத் தாக்கினார்கள். உயரத்தில் இருந்தால் வருபவரை முன்கூட்டியே பார்க்கலாம். கிராக்கோவின் கோபுரத்தில் நின்றால் கீழே ஆற்றுப் பள்ளத்தாக்குகள் தெரியும், யார் வந்தாலும் கண்ணில் பட்டுவிடுவார்கள். ஊரின் வெளிவிளிம்பு வீடுகள் நெருக்கமாக ஒட்டி நின்றதால் அவற்றின் பின்சுவர்களே மதில்போல் அமைந்தன.

ஆனால் கொள்ளைக்காரர்களின் காலம் முடிந்து பல தலைமுறைகள் ஆன பிறகும் மக்கள் கீழே இறங்கவில்லையே, ஏன்? இங்கேதான் பலர் விட்டுவிடும் காரணம் வருகிறது: மலேரியா.

பள்ளத்தாக்குகளிலும் கடலோரச் சமவெளியிலும் நீர் தேங்கும். கோடையில் ஆறு சுருங்கிக் குட்டைகளாக நிற்கும். அங்கே இரவில் தங்கியவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, பலர் இறந்தார்கள். கொசுதான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் கீழே படுத்துத் தூங்கினால் காய்ச்சல் வருகிறது, மேலே ஏறினால் குறைகிறது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். அதனால் ஒரு வினோதமான வாழ்க்கை முறை உருவானது. விடியும் முன் எழுந்து, கழுதையோடு மணிக்கணக்கில் நடந்து கீழே வயலுக்குப் போவது, மாலையில் அதே தூரம் ஏறி வருவது. தென் இத்தாலியின் மலையூர் விவசாயிகள் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். இன்று அழகான காட்சியாக நாம் பார்க்கும் அந்த உயரத்துக்கு, அவர்கள் தினமும் கால்வலியால் விலை கொடுத்தார்கள்.

மனித மலேரியாவை அனோஃபிலிஸ் கொசு பரப்புகிறது என்பதை இத்தாலியரான ஜொவான்னி பத்திஸ்தா கிராசி 1898-ல் நிறுவினார். 1900-ல் இத்தாலிய அரசு கொயினா மருந்தைத் தானே மலிவாக விற்க ஏற்பாடு செய்து சட்டம் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கும் பெரிய இயக்கம் நடந்தது. இத்தாலி மலேரியாவிலிருந்து விடுபட்டதாக 1970-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆக, மலை என்பது முதலில் வாளிடமிருந்து காப்பாற்றியது, அப்புறம் கொசுவிடமிருந்து காப்பாற்றியது. 20-ம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு பயமும் தீர்ந்துவிட்டன. அதே காலத்தில்தான் மலையே ஆபத்தாக மாறியது.

## நிலச்சரிவுக்கு முன்பே தொடங்கிய வெளியேற்றம்

மண் விஷயத்துக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிராக்கோவை விட்டு மக்கள் வெளியேறத் தொடங்கியது நிலச்சரிவால் இல்லை, வறுமையால்.

நேப்பிள்ஸ் அரசில் பிரபுத்துவ முறை 1806-ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் நிலம் உழுதவர் கைக்கு வரவில்லை. பெரும் பண்ணைகளாகச் சில குடும்பங்களிடமே தங்கிவிட்டது. கிராக்கோவில் இன்றும் சிதைந்து நிற்கும் மரோன்னா, கிரோசி, கர்போனே, சிமோனெத்தி என்ற மாளிகைகள் அந்த வசதியான குடும்பங்களுடையவை. அவற்றைச் சுற்றியிருக்கும் ஒற்றை அறை வீடுகள் மற்றவர்களுடையவை. 1861-ல் இத்தாலி ஒன்றானபோது நில ஏக்கம் தீரவில்லை, வரி மட்டும் கூடியது. பசிலிக்காத்தா முழுவதும் கார்மினே குரோக்கோ போன்றவர்களின் தலைமையில் ஆயுதக் குழுக்கள் கிளம்பின. அரசு படையை வைத்து அடக்கியது.

அதற்குப் பின் மக்கள் கண்ட வழி கப்பல். 1892-க்கும் 1922-க்கும் இடையில் கிராக்கோவிலிருந்து 1,300-க்கும் மேற்பட்டோர் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். சுற்றியுள்ள நிலம் சரியாக விளையாததும் ஒரு காரணம். அந்த விளையாத நிலத்துக்கும் பிற்பாடு வந்த நிலச்சரிவுக்கும் காரணம் ஒன்றே: களிமண்.

## களிமண் ஏன் நழுவுகிறது

கிராக்கோ குன்றின் மேற்பகுதி கெட்டியானது. பழைய கூழாங்கற்களும் மணலும் இறுகிப் பாறையாகி உருவான முகடு. கோபுரம் நிற்பது அதன்மேல்தான். ஆனால் முகட்டை விட்டு இறங்கிச் சரிவுக்கு வந்தால் களிமண் வந்துவிடுகிறது. மக்கள்தொகை கூடக் கூட, ஊர் முகட்டில் இடம் போதாமல் இந்தக் களிமண் சரிவில் இறங்கிப் பரவியது.

களிமண்ணின் துகள்கள் மணல்போல் உருண்டையாக இல்லை. மிக மிகச் சிறிய, தட்டையான செதில்கள். திருமணப் பந்தியில் கழுவி அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டுகளை நினைத்துப் பாருங்கள். தட்டுகள் காய்ந்திருந்தால் அடுக்கைச் சற்றுச் சாய்த்தாலும் அசையாது. இரண்டு தட்டுக்கு நடுவில் தண்ணீர் நின்றால், அதே சாய்வில் மேல் தட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். தட்டின் எடை மாறவில்லை, சாய்வும் மாறவில்லை. மாறியது நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும்.

சரிவில் நடப்பதும் இதேதான். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது துகள்களுக்கு இடையே உள்ள உராய்வு. மேலிருக்கும் எடை துகள்களை ஒன்றோடொன்று அழுத்துவதால் அந்த உராய்வு வருகிறது. இடுக்குகளில் தண்ணீர் நிரம்பினால், அந்தத் தண்ணீர் எடையின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, உராய்வும் குறைகிறது. இடுக்கில் நிற்கும் தண்ணீர் கொடுக்கும் இந்த அழுத்தத்துக்கு நுண்துளை நீரழுத்தம் என்று பெயர். இந்தக் கட்டுரையில் உங்களிடம் ஒரே ஒரு தொழில்நுட்பச் சொல்லை நினைவில் வைக்கச் சொன்னால், இதைத்தான் சொல்வேன். நுண்துளை நீரழுத்தம் கூடினால் சரிவு பலவீனமாகும், குறைந்தால் நிற்கும்.

களிமண்ணுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. ஒரு தடவை நழுவிய இடத்தில் செதில்கள் எல்லாம் நழுவிய திசையில் படுத்துவிடுகின்றன. அந்தத் தளம் பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை. அடுத்த முறை நழுவ முன்பைவிடக் குறைந்த தண்ணீரே போதும். அதனால்தான் இந்த மாதிரிச் சரிவுகள் தொடர்ந்து வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மழைக்காலமான குளிர்காலத்தில் நகரும், வறண்ட கோடையில் நிற்கும், மறுபடி மழையில் நகரும். சினிமாவில் வருவதுபோல ஒரே நொடியில் எல்லாம் இடிந்து விழுவதில்லை. முதலில் சுவரில் விரிசல். பிறகு கதவு மூடாது. பிறகு தெரு இரண்டாகப் பிளந்து ஒரு பாதி கீழே இறங்கியிருக்கும்.

ஊரைச் சுற்றியிருக்கும் சாம்பல் மண்மேடுகளைச் சொன்னேன் அல்லவா? அவற்றை இத்தாலியில் கலாங்கி என்கிறார்கள். கோடையில் களிமண் காய்ந்து வெடிக்கும். குளிர்கால மழை அந்த வெடிப்புகளில் இறங்கி மண்ணை அறுக்கும். இப்படி ஆண்டுக்காண்டு அறுபட்டுக் கத்திமுனை மாதிரி நிற்கும் மேடுகள்தான் கலாங்கி. மரம் வேர் பிடிக்க அங்கே மண் நிற்பதில்லை. மரங்களை வெட்டியதும் இந்த அரிப்பை வேகப்படுத்தியது. கிராக்கோவின் சுற்றுப்புறமே ஊருக்கு அடியில் என்ன மண் இருக்கிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

சுருக்கிச் சொன்னால்: மேலே கெட்டிப் பாறை, சரிவில் களிமண். களிமண்ணுக்குள் தண்ணீர் போனால் பிடிமானம் குறையும். ஒரு முறை நழுவினால் மறுமுறை நழுவுவது இன்னும் சுலபம்.

## பல நூற்றாண்டு நின்ற ஊர் ஏன் 1963-ல் விழுந்தது

நியாயமான கேள்வி. களிமண் அன்றும் இருந்தது, மழையும் அன்றும் பெய்தது. பிறகு ஏன் 20-ம் நூற்றாண்டில்?

சின்னச் சின்னச் சரிவுகள் முன்பே இருந்தன. தடுப்புச் சுவர்கள் கட்டிப் பார்த்தார்கள். சுவர் மட்டும் போதாது. பின்னால் சேரும் தண்ணீருக்கு வழி விடாவிட்டால், சுவரே இன்னொரு சுமையாகச் சரிவின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

பெரிய மாற்றம் என்று பொதுவாகச் சுட்டப்படுவது குழாய்நீரும் கழிவுநீர்க் கால்வாயும். அதற்கு முன்பு தண்ணீர் என்பது தலையிலும் கழுதையிலும் சுமந்து வந்த பொருள். ஒரு வீட்டில் நாளொன்றுக்குச் செலவான தண்ணீரே கொஞ்சம். தரையில் இறங்கியது அதைவிடக் கொஞ்சம். குழாய் வந்ததும் தண்ணீர்ப் பயன்பாடு பல மடங்கானது. கோபுரம்கூட நீர்த்தேக்கத் தொட்டியாக மாற்றப்பட்டது. களிமண் சற்று அசைந்தால் குழாய் விரிசல் விடும். விரிசலிலிருந்து கசியும் நீர் களிமண்ணை இன்னும் நனைக்கும். நனைந்த மண் மேலும் அசையும், குழாய் மேலும் உடையும். மழைக்காலத்தில் மட்டும் ஈரமான சரிவு இப்போது கோடையிலும் ஈரமாக இருந்தது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் சுமந்து களைத்த பெண்களுக்குக் குழாய் என்பது ஆடம்பரமில்லை, உரிமை. தவறு குழாயைக் கொடுத்ததில் இல்லை. களிமண்மேல் தண்ணீரைக் கொண்டுவரும்போது அது வெளியேறும் வழியையும் அதே அக்கறையோடு கவனித்திருக்க வேண்டும்.

1963-ல் சரிவு பெரிதாக நகர்ந்தது. வீடுகள் வாழத் தகுதியற்றவை என்று அறிவிக்கப்பட்டன. சுமார் 1,800 பேர் படிப்படியாகக் கீழே பள்ளத்தாக்கில் உள்ள கிராக்கோ பெஸ்கியேரா என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். மறுபடி கவனியுங்கள்: முந்தைய நூற்றாண்டாக இருந்தால் கீழே போய்க் குடியேறு என்று யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. கொசு ஒழிந்ததால்தான் பள்ளத்தாக்கு வாழுமிடமானது. என்னைப் பொறுத்தவரை கிராக்கோவின் கதையில் மிக முக்கியமான முடிச்சு இதுதான். மலை கைவிட்ட அதே பத்து இருபது ஆண்டுகளில் சமவெளி கை கொடுத்தது.

எல்லோரும் உடனே போய்விடவில்லை. சரிவு எட்டாத முகட்டுப் பகுதியில் தங்கள் வீடு நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் தங்கினார்கள். 1972-ல் வந்த வெள்ளம் நிலைமையை மோசமாக்கி, திரும்பிவரும் நம்பிக்கையைக் குலைத்தது. 1980 நவம்பர் 23 அன்று இர்ப்பீனியா நிலநடுக்கம் தென் இத்தாலியை உலுக்கியது. மீதமிருந்த வாழ்க்கையும் அத்துடன் முடிந்தது. 'நிலநடுக்கத்தில் அழிந்த ஊர்' என்ற கதை இந்தக் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்து எழுதப்பட்டது.

1963, 1972, 1980. இந்த மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஊர் காலியாக ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியிருப்பது தெரியும்.

## பாரம்பரியம் என்று எதைச் சொல்கிறோம்

காலியான ஊர் என்றதும் அங்கே வரலாறு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்: கிராக்கோ என்ற உள்ளாட்சி அமைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் அலுவலகமும் சில நூறு குடிமக்களும் கீழே பெஸ்கியேராவில் இருக்கிறார்கள். மேலே இருப்பது அவர்களின் பழைய வீடு.

அமெரிக்கா போனவர்களும் ஊரை விட்டுவிடவில்லை. கிராக்கோவில் வணங்கப்படும் புனித வின்சென்ட் என்ற தியாகியின் பெயரில் நியூயார்க்கில் சங்கம் வைத்து, அவருக்கு விழா எடுத்தார்கள். கிராக்கோவின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே ஒரு சங்கமாகக் கூடிப் பழைய குடும்ப விவரங்களைத் தேடிச் சேர்க்கிறார்கள்.

கட்டடங்களைப் பொறுத்தவரை, பார்க்க வேண்டியவை நான்கைந்து உண்டு. கோபுரம் முதலாவது. அடுத்து புனித நிக்கோலா பெயரிலான தாய்க்கோயில், அதாவது ஊரின் முதன்மைத் தேவாலயம். மேற்கூரை போன மாளிகைகளில் சிலவற்றில் சுவரோவியத் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊருக்கு வெளியே கெட்டி நிலத்தில் நிற்கும் பிரான்சிஸ்கன் மடம் தப்பித்து, இப்போது அருங்காட்சியகமாகச் செயல்படுகிறது. இவற்றையெல்லாம்விட எனக்கு அரியதாகத் தோன்றுவது ஊரின் அமைப்பே. மத்தியகால மலையூர் ஒன்று எப்படித் தெருவும் படியும் வீடுமாகப் பின்னிக்கொண்டு இருந்தது என்பதைப் புதுக் கட்டடங்களின் குறுக்கீடு அதிகம் இல்லாமல் இங்கே பார்க்க முடிகிறது. இயேசு காலத்துக் காட்சிகளைப் படமாக்கக்கூடத் திரைப்படக் குழுக்கள் இங்கே வந்தது அதனால்தான்.

2010-ல் உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்தில் இருக்கும் இடங்களைக் கவனத்துக்குக் கொண்டுவரும் தன் பட்டியலில் கிராக்கோவைச் சேர்த்தது. இப்போது வழிகாட்டியோடு, தலைக்கவசம் அணிந்து, பலப்படுத்தப்பட்ட பாதையில் மட்டும் உள்ளே போகலாம். தனியாக வேலி தாண்டிப் போய்ப் படம் எடுத்துப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அங்கே கல் விழுவது கதையில்லை.

'ஏன் முழுவதும் பழுதுபார்த்து மக்களைத் திரும்பக் குடிவைக்கக் கூடாது?' என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன மண் விளக்கத்திலேயே பதில் இருக்கிறது. களிமண் சரிவில் இருக்கும் வீட்டின் சுவரை ஒட்டிப் பூசினாலும், அடியில் தளம் நகர்ந்தால் அது மறுபடி பிளக்கும். அங்கே செலவழிக்கும் முதல் பணம் வடிகாலுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து: மழைநீர் சரிவுக்குள் இறங்காமல் மேலேயே பிடித்து வெளியேற்றுவது, உள்ளே தேங்கிய நீரை ஆழமான வாய்க்கால் வெட்டி வடிப்பது, சரிவின் அசைவைக் கருவி வைத்துக் கண்காணிப்பது. முகட்டில் நிற்கும் கோபுரத்துக்கும் தாய்க்கோயிலுக்கும் அதன்பிறகு பலப்படுத்தும் வேலை செய்தால் பலன் இருக்கும். சரிவில் ஏற்கெனவே பிளந்துபோன தெருக்களை அப்படியே சிதைவாகக் காப்பதுதான் சாத்தியம்.